வணக்கம் வசுமதி, இன்று தண்ணீர் வரும்

ஏழுமுக்கு என்ற ஊரில் எல்லோருக்கும் வசுமதி என்ற பெயர் வந்து சேர்ந்த காலையில் முதலில் தலையைத் திருப்பியவர் டீக்கடை மீரான். கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கைபேசியில் பேரூராட்சியின் தண்ணீர்ப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு வந்திருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். வணக்கம் வசுமதி, உங்கள் தெருவுக்கு இன்று தண்ணீர் வரும். பால் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மீரான், "என்னவே?" என்று கேட்டார். "உம்மை யாரு கூப்பிட்டா?" என்றார் படித்தவர். பெஞ்சில் இருந்த மற்றவர்களும், முறுக்குத் தட்டோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தவரும், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்ற தபால்காரரும் அதே நேரத்தில் அதே பக்கம் திரும்பி, தங்களைக் கூப்பிட்டது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

டீக்கடைக்கு எதிர்வீட்டுச் சன்னலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த கிரிஜா திரும்பவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும். வீட்டுக்குள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் அம்மா சௌந்தரமும் திரும்பவில்லை. ஆனால் அவள் கை நின்றுவிட்டது. "யாருட்டி அங்க அந்தப் பேரச் சொல்றது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். கிரிஜா, "கடையில ஏதோ பேசுறாங்கம்மா" என்றாள். பிறகு கீரை உருவும் சத்தம் மறுபடி கேட்டது.

கிரிஜா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் சௌந்தரம், "கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கா" என்பாள். அதில் பெரிய தவறில்லை. கோயம்புத்தூரிலிருந்து சிபி என்ற பையன் வரிகளைக் கட்டுக் கட்டாக அனுப்புவான். திரையின் இடப்பக்கம் ஆங்கிலம் இருக்கும், வலப்பக்கம் காலிக் கட்டங்கள் இருக்கும். சேமி, திரும்பு, மீண்டும் முயலுங்கள், உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று அவள் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அந்த வரிகளுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, யார் யாரிடம் சொல்கிறார்கள், கோபமாகவா கனிவாகவா, எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் அது வந்து நிற்கப்போகிறது என்று எதுவும் தெரியாது. காற்றில் அறுந்து வந்த பேச்சைப் பிடித்து அதற்கு ஆள் கண்டுபிடிப்பது போல இருக்கும். சில வரிகளில் வளைவு அடைப்புக்குறிக்குள் ஒரு ஆங்கிலச் சொல் நிற்கும். அந்த இடத்தில் பின்னால் படிப்பவரின் பெயர் தானாக வந்து உட்காரும். அடைப்புக்குள் இருப்பதைத் தொடக் கூடாது, அப்படியே எடுத்து வைக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி.

கிரிஜா அதைத் தொடுவாள். அடைப்பை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைப் படித்தால் அது மனிதர் யாரிடமும் சொல்வது போல ஒலிப்பதில்லை என்பதால், அடைப்பை எடுத்துவிட்டு ஒரு பெயரைப் போட்டு, உதட்டை மட்டும் அசைத்துப் படித்துப் பார்ப்பாள். வாக்கியம் சரியாக உட்கார்ந்ததும் பெயரை எடுத்துவிட்டு அடைப்பைத் திரும்ப வைப்பாள். எல்லா வரியிலும் அவள் போட்ட பெயர் ஒன்றுதான். வசுமதி, உங்கள் கணக்கு தயார். வசுமதி, கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா? வசுமதி, நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்.

வசுமதி அவளுடைய அக்கா. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, வாழை கட்டி, சமையல்காரர்கள் வந்து இறங்கிய காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவள். அன்றைக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் சௌந்தரம், "அப்படி ஒரு பேரே இந்த வீட்ல கிடையாது" என்றாள். சொன்னதைக் காப்பாற்றினாள். பிறகு அந்த வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அது' என்றோ 'அந்தச் சமாச்சாரம்' என்றோ பேசினார்கள், காலம் போகப்போக அதுவும் நின்றது. ஓசூரில் கணவனோடும் மகளோடும் இருந்து, ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் வசுமதி எப்போதாவது கிரிஜாவைக் கூப்பிடுவாள். கிரிஜா மொட்டைமாடிக்குப் போய் "அக்கா" என்று மட்டும் சொல்லிப் பேசிவிட்டு வருவாள்.

தண்ணீர்ப் பக்கத்தின் வணக்கம் வரியில் அவள் அடைப்பைத் திரும்ப வைக்கவில்லை. வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வைக்காததும் நினைவிருந்தது. இரண்டையும் அவள் பலமுறை யோசித்துப் பார்த்தாள், எது நடந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. வரியைச் சரிபார்த்தவர் யாரோ, தமிழ் நன்றாக இருக்கிறது என்று பச்சைக் குறி போட்டு அனுப்பியிருந்தார்.

அன்று மதியம் சிபி கூப்பிட்டான். "ஏனுங்க்கா, அந்த வணக்கம் வரியில அடைப்பக் காணோமுங்க. யாருங்க்கா அது வசுமதி?"

"தெரியலையே" என்றாள் கிரிஜா.

"ஊரு பூரா அந்தப் பேருக்குத் திரும்பறாங்களாமா. பேரூராட்சி ஆபீசர் போன் பண்ணிக் கத்தறாருங்க. ஒரே வரி, மாத்திப் போட்டுருங்க."

"போடுறேன்" என்றாள். ஆனால் அதற்குள் வாசலில் ஏதோ பேச்சு கேட்டது, எழுந்து போனாள்.

ஊருக்கு என்ன நடந்தது என்பதை ஊரே சரியாகச் சொல்ல முடியவில்லை. யாருக்கும் தன் பழைய பெயர் மறக்கவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் முருகையா முருகையா என்றுதான் சொன்னார், பீர்முகம்மது பீர்முகம்மது என்றுதான் சொன்னார். ஆனால் வசுமதி என்று எங்காவது ஒரு குரல் எழுந்தால், குளித்துக்கொண்டிருப்பவர் கூடத் தலையில் சோப்போடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அது தன்னைத்தான் என்ற உணர்வு காதுக்கு வருவதற்கு முன்பே கழுத்துக்கு வந்துவிடுகிறது என்று தபால்காரர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சோதித்துப் பார்க்க வருகைப் பதிவின் நடுவில் அந்தப் பெயரைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் எழுந்து உள்ளேன் என்றது, டீச்சரும் தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளேன் என்றாள். பஸ் நிலையத்தில் யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட, கூட்டம் முழுவதும் திரும்பியதைப் பார்த்து வெளியூர் நடத்துனர்கள் குழம்பினார்கள். மீசையைக் கத்தி போல் முறுக்கிவைத்த கட்சிச் செயலாளர் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தது. அவர் படத்துக்குக் கீழே 'அன்பு அண்ணன் வசுமதி வாழ்க' என்று தட்டி வைத்தார்கள். அச்சடித்தவனைப் பார்த்து அவர், "எந்த அண்ணன்னு எவனுக்குல தெரியும்?" என்று திட்டினார், பிறகு தட்டியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டார்.

பிறகு ஊர் அந்தப் பெயரோடு வாழப் பழகியது. ஆண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். அப்புறம் கூச்சப்படுவதற்கும் அந்தப் பெயர் வராத ஒருவர் மீதம் இருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டார்கள். சண்டைகள் சிரமமாயின. ஒருவன் இன்னொருவனைத் திட்டிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பினார்கள், தன்னைத் தானே திட்டிக்கொண்டது போல இருந்தது. தண்ணீர் எங்கள் தெருவுக்கு முதலில் வரவில்லை, மேலத்தெருவுக்குத்தான் வந்தது என்று பேரூராட்சிக்குப் போன புகார்கள் குறைந்தன. மேலத்தெருவில் வசுமதிக்கு வந்துவிட்டதென்றால் கீழத்தெருவிலும் ஏதோ ஒரு வகையில் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது என்று, குடம் காலியாக இருக்கும்போதே, மக்கள் சொன்னார்கள்.

சிவன் கோயிலில்தான் ஒரு சிக்கல் வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டியவர்களிடம் பெயர் கேட்டபோது, ரேஷன் கடையில் சொந்தப் பெயரைச் சொன்ன வாயும் இங்கே வசுமதி என்றது. நட்சத்திரம் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. அவரவர் சொந்த நட்சத்திரத்தைச் சொன்னால் அது அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை என்று அவர்களுக்கே தோன்றியது. குருக்கள் மந்திரத்தை நடுவில் நிறுத்திக் கையில் பூவோடு நின்றார், வரிசை நீண்டு வெளிப்பிராகாரம் வரை வந்தது. தூணோரம் நின்றுகொண்டிருந்த சௌந்தரம், யாரையும் பார்க்காமல், கர்ப்பகிரகத்தையும் பார்க்காமல், "விசாகம்" என்றாள். சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்காமல் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து ஊரே விசாக நட்சத்திரமானது.

கிரிஜா அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்வாள். பெயரை அழித்து அடைப்பைப் போட ஒரு நிமிடம் ஆகாது. இன்று போடலாம் என்று நினைப்பாள், அம்மாவின் 'விசாகம்' காதில் கேட்கும், கணினியை மூடிவிடுவாள். சிபி மறுபடி கூப்பிட்டபோது என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"அக்கா, அத அப்படியே விட்ருங்க" என்றான் சிபி. "ஆபீசர் இப்ப வேண்டாமுங்கறாரு. புகாரே வரலீங்களாம். இதத் தொட்டு வெச்சராதீங்கன்னு கறாராச் சொல்லிட்டாரு. கேக்கறதுக்குக் கூத்தா இருக்குதுங்க, ஆனா நமக்கென்னங்க?"

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று புரியாததால் அதுவும் ஒரு குழப்பமாகச் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் உச்சிவெயிலில் சௌந்தரம் வாசலில் நின்று, தெருவைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் அந்தப் பெயரைச் சொன்னாள். தண்ணீர் திறந்துவிடும் வால்வுச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த ஆள் நின்று, திரும்பி, அவ்வளவு தூரமும் நடந்து வந்து, "என்னம்மா, கூப்பிட்டீங்களா?" என்றான். சௌந்தரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரிஜா உள்ளேயிருந்து பார்த்தாள், அம்மாவின் வாய் கோணியது.

"இந்த வெயில்ல செருப்பில்லாம எங்க சுத்துத?" என்றாள் சௌந்தரம். "உள்ள வா. சோறு இருக்கு."

அதற்குப் பிறகு அவள் தினமும் வாசலுக்கு வந்தாள். அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் கூப்பிட்டாள், கூப்பிட்டதற்கு அவர்கள் வந்தார்கள். வங்கியில் பணம் எண்ணிக் கொடுக்கும் இளைஞனை நிறுத்தி வைத்து, "பந்தக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?" என்று கேட்டாள். எந்தப் பந்தல் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கலம்மா, தப்புதான்" என்றான். முறுக்கு விற்பவரிடம், காய்ச்சல் வந்தால் அங்கே யார் கஞ்சி வைத்துத் தருகிறார்கள் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே வச்சுக்கிடுவேம்மா" என்றார். சௌந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை, ஒரு தூக்கில் மிளகு ரசம் ஊற்றிக் கொடுத்தாள்.

அவளை எப்போதும் "யக்கா" என்று அழைக்கும் மீரானையும் ஒரு நாள் கூப்பிட்டாள். தாடியில் பால் நுரை ஒட்டியிருக்க அவர் சாலையைக் கடந்து வந்து, "என்னம்மா?" என்றார்.

"பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

மீரான் துண்டால் கையைத் துடைத்தார். பிறகு, அவராகப் பேசுவது போலவும் இல்லாமல் வேறு யாரோ பேசுவது போலவும் இல்லாமல், "சொல்லியிருந்தா விட்டிருப்பியாம்மா?" என்று கேட்டார்.

சௌந்தரம் வாசலை விட்டு உள்ளே போனாள். மீரான் கடைக்குத் திரும்பிப் போய், தான் என்ன கேட்டோம் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் விசாரித்தார்.

ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகம் இளகி வருவதைக் கிரிஜா பார்த்தாள். இத்தனை வருஷமாக உப்புப் போட மறந்தே சமைத்தவள், இப்போது சுவைத்துப் பார்த்துச் சமைத்தாள். இது நல்லதா கெட்டதா, ஒருத்திக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்லித் தீர்த்துக்கொண்டால் அது தீருமா என்று கிரிஜாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வரியில் கை வைக்கக் கூடாது என்பது மட்டும் முடிவாகியிருந்தது.

அப்போதுதான் ஓசூரிலிருந்து அழைப்பு வந்தது. கிரிஜா மொட்டைமாடிக்கு ஓடினாள்.

"கிரிஜா, என் பேரச் சொல்லு."

"என்னக்கா?"

"அக்கா இல்ல. பேரு. சொல்லு."

கிரிஜா வாயைத் திறந்தாள். கீழே தெருவில் யாரைப் பார்த்தாலும் கூப்பிடக்கூடிய அந்தப் பெயர், அக்காவின் காதுக்கு என்று வந்தபோது நாக்கில் ஏறவில்லை. மறுபடி முயன்றாள். வெறும் மூச்சுதான் வந்தது.

"பாத்தியா, உனக்கும் வரல" என்றாள் வசுமதி. அவள் சொல்லச் சொல்லக் கிரிஜா கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். தொழிற்சாலையில் அவளைக் கூப்பிட வருகிறவர்கள் வாயைத் திறந்துவிட்டு, எதையோ எடுக்க வந்து மறந்தவர்கள் போல நிற்கிறார்களாம். கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் மை இறங்கவில்லையாம். ஆதார் அட்டையில் பெயர் இருக்கிறது, பார்ப்பவர்களின் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறதாம். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அம்மா பெயர் என்ன என்று குழந்தையிடம் கேட்டிருக்கிறார்கள், குழந்தை "அம்மா" என்றிருக்கிறது, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"நாங்களும் மொதல்ல சிரிச்சோம்டி. நேத்து ரோட்டத் தாண்டுறேன். லாரி வருது, நான் பாக்கல. இவரு பின்னால நின்னு பாத்துட்டு, கத்தணும்னு வாயத் தொறந்திருக்காரு. ஒண்ணுமே வரலயாம். யாரோ பூக்கார அம்மா 'ஏய்'னு போட்ட சத்தத்துல நின்னேன். துப்பட்டா லாரில மாட்டிக் கிழிஞ்சு போச்சு. ராத்திரியெல்லாம் இவரு உக்காந்து என்னக் கூப்பிடப் பாக்குறாரு, கிரிஜா. அழறாரு."

கிரிஜா கீழே இறங்கி வந்தபோது சௌந்தரம் வால்வுக்காரனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சாவி சுவரில் சாய்ந்திருந்தது. கிரிஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வரியில் தான் வைத்த பெயரை, வேண்டுமென்றே விட்டதா மறந்ததா என்று தெரியாததை, ஊர் முழுக்கப் பரவியது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை. முன்பின்னாகச் சொன்னாள். அம்மாவுக்கு அடைப்பு என்றால் என்ன என்று புரிந்திருக்காது.

"லாரியா?" என்றாள் சௌந்தரம்.

"ஆமாம்மா."

"எப்பவும் அப்படித்தான். பராக்குப் பாத்துக்கிட்டேதான் நடப்பா." கரண்டி அவள் கையிலேயே இருந்தது. "உங்கிட்டப் பேசுதாளா?"

"எப்பவாவது."

"எம்புட்டு நாளா?"

கிரிஜா தரையைப் பார்த்தாள். சௌந்தரம் குழம்புச் சட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "அப்ப நான் வாசல்ல நின்னு கூப்பிட்டதெல்லாம் அவகிட்டேர்ந்து உருவுனதா?"

"உங்களால இல்லம்மா. நான் போட்டது."

"மாத்திரு."

"மாத்துனா இங்க யாரும் திரும்ப மாட்டாங்கம்மா. நீங்க கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள் சௌந்தரம்.

வால்வுக்காரன் சோற்றில் கையை வைத்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நாங்க?" என்றான். இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "இல்ல, கேக்கேன். எனக்கும் ஒரு பேரு இருக்கத்தான் செய்யிது. இந்த ஊர்ல 'ஏ தண்ணி'ன்னுதான் கூப்பிடுவாங்க. எங்க அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. மேலத்தெருக்காரரு ஒருத்தர் மொதமொதலா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது இப்பதான். அது எம்பேரு இல்லதான். ஆனா என்னையத்தான கூப்பிட்டாரு?"

கிரிஜா இதை யோசித்திருக்கவில்லை. தெருவில் எல்லோரும் திரும்புவதைப் பார்த்தாளே தவிர, யார் யாரைத் திரும்ப வைத்தார்கள் என்று பார்த்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"உம்பேரு என்னப்பா?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"பிச்சுமணி."

"சாப்பிடு பிச்சுமணி. நாளைக்கும் வா" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அது அவனுக்குப் போதுமானதாக இருந்ததா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

கிரிஜா சிபியைக் கூப்பிட்டு மாற்றப்போவதாகச் சொன்னாள். "ஆபீசர் தொட வேண்டாம்னாருங்களேக்கா" என்று அவன் பதறினான். "நீங்களா மாத்துனா அடுத்த கட்டு உங்களுக்கு வராதுங்க. எனக்கும் சேத்தித்தான் பேச்சு விழும்."

"நான் தப்பாப் போட்டது, சிபி. நானே எடுக்குறேன்."

"யாருங்க்கா அந்த வசுமதி? இப்பவாச்சும் சொல்லுங்க."

"எங்க அக்கா" என்றாள் கிரிஜா. சிபி, "போட்டுருங்க, பச்சக் குறிய நானே குடுத்தர்றேன்" என்றான்.

வலப்பக்கக் கட்டத்தில் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள். அடைப்பைத் திறந்து, உள்ளே இருக்க வேண்டிய ஆங்கிலச் சொல்லை வைத்து, அடைப்பை மூடி, சரியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வணக்கம், அப்புறம் அந்த அடைப்பு, உங்கள் தெருவுக்கு இன்று தண்ணீர் வரும். படித்துப் பார்த்தால் யாரிடமும் சொல்வது போல ஒலிக்கவில்லை. அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் கைபேசிகளில் அவரவர் பெயர் வந்தது. வணக்கம் மீரான் மைதீன் என்று வந்ததைப் பெஞ்சில் ஒருவர் படித்துக் காட்டியபோது மீரான் டீயை ஆற்றிக்கொண்டே, "வேற எவனையோ கூப்பிடுத மாதிரி இருக்குவே" என்றார். சில நாட்கள் ஊர் பாதி திரும்பியது. கழுத்து அசையும், பிறகு எதற்கு அசைந்தது என்று புரியாமல் நின்றுவிடும். குருக்கள் மறுபடி ஒவ்வொருவரிடமும் நட்சத்திரம் கேட்டார். கட்சிச் செயலாளரின் தட்டியில் இருந்த வசுமதி மட்டும் மழை வரும்வரை அப்படியே இருந்தது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தண்ணீர்ச் சண்டை திரும்ப வந்தது. பிச்சுமணியை மேலத்தெருவில் மறுபடியும் "ஏ தண்ணி" என்று கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. கூப்பிட்டவர் மூன்றாம் முறை கத்திவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் அவன் பெயர் என்ன என்று கேட்க வேண்டியதாயிற்று.

ஓசூரில் ஒன்றும் மாறவில்லை. கிரிஜா கூப்பிட்டபோது வசுமதி, "இன்னும் வரல" என்றாள். "கையெழுத்துப் போட்டுப் பாத்தேன். அதே காலி." கிரிஜா மொட்டைமாடியில் நிற்காமல் இந்தமுறை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பெயரைச் சொல்ல முயன்றாள். ஊரை விட்டுப் போன பெயர் அக்காவிடமும் போய்ச் சேராமல் நடுவில் எங்கோ தொங்குவது போல இருந்தது. அப்படியானால் தான் அழித்தது எதை, அடைப்பைத் தவறாக மூடிவிட்டோமா, வேறு ஏதாவது வரியில் மிச்சம் இருக்கிறதா என்று அவள் எண்ணங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின.

அவள் உதடு அசைவதையும் சத்தம் வராததையும் சௌந்தரம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். கிரிஜா கைபேசியைக் கொடுத்தாள். அம்மா அதைக் காதில் வைக்கத் தெரியாமல் முகத்துக்கு முன்னால், கண்ணாடியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவா?" என்றது அதிலிருந்து வந்த குரல். "கிரிஜா, அம்மாவா பக்கத்துல?"

சௌந்தரம் ஒரு முறை வாயைத் திறந்து மூடினாள். பிறகு தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், நடுவில் இருந்த எந்தக் கம்பியையும் கைபேசிக் கோபுரத்தையும் நம்பாமல், ஏழுமுக்கிலிருந்து ஓசூர் வரை தானே எட்டிவிட வேண்டும் என்பது போல, "ஏ வசுமதீ!" என்றாள்.

கிரிஜா பயந்து சன்னலுக்கு ஓடி வெளியே பார்த்தாள். மீரான் டீயை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. தபால்காரர் சைக்கிளில் கடந்து போனார். முறுக்குக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். பிச்சுமணி சாவியைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தான். சௌந்தரம் மறுபடி கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. தெருவில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"இவ்ளோ சத்தமாக் கூப்பிடாதம்மா" என்றது கைபேசியில் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காது வலிக்குது."

சௌந்தரம் குரலைக் குறைக்கவில்லை.